ஆவணப் பையில் இல்லாத கடிதம்

வன்னியில் என் வயதினர் வாழும் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பை இருக்கும். அலுமாரியின் மேல்தட்டிலோ, சுவாமிப் படத்துக்குப் பின்னாலோ அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். 2008 இன் பிற்பகுதியிலும் 2009 இன் தொடக்கத்திலும் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது சோற்றுப் பானையைக் கைவிட்டவர்கள்கூட அந்தப் பையைக் கைவிடவில்லை. மழைக்கும் பதுங்குகுழிச் சேற்றுக்கும் தப்பும்படி பொலித்தீனால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிய அதற்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாம் இருந்தன. அதைத் தொலைத்தவர்கள் பின்னர் எத்தனை அலுவலகப் படிகள் ஏறினார்கள் என்பதையும் பார்த்தோம். ஆகவே ஒரு தாளின் பெறுமதி எங்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. ஆயினும் வேலைத்தலத்தில் தமக்கு அநியாயம் நடந்ததென்று என்னிடம் வந்தவர்களின் பைகளில் நியமனக் கடிதத்தையோ சம்பளச் சிட்டையையோ நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். 2016 இல் என்னுடைய பையிலும் அவை இருக்கவில்லை.

அப்போது நான் கிளிநொச்சி நகரில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுகள் வேலை செய்திருந்தேன். முதலாளி எங்கள் உறவுமுறைக்குள் வருபவர் என்பதால் நியமனக் கடிதம் கேட்பது மரியாதையில்லாத காரியமாகத் தோன்றியது. கர்ப்பமாகி ஆறாம் மாதம் ஆனபோது, வாடிக்கையாளர் வந்துபோகும் இடத்தில் நான் இருப்பது சரியில்லையென்று சொல்லி, “பிள்ளை பிறந்த பிறகு பாப்பம்” என்று வீட்டுக்கு அனுப்பினார். பிள்ளைக்கு நான்கு மாதமானதும் திரும்பிப் போனபோது என் கதிரையில் வேறொருவர் இருந்தார். “நீங்களாத்தானே நிண்டனீங்கள்” என்றார்கள். அந்த ஒரு வசனத்தில் எவ்வளவு பெரிய சட்டச் சிக்கல் அடங்கியிருந்ததென்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு நான் ஆறு பக்கத்தில் ஒரு முறைப்பாடு எழுதிக்கொண்டு போனேன். பெண் என்பதால் ஒதுக்கப்பட்டேன், கர்ப்பிணி என்பதால் அவமதிக்கப்பட்டேன், இது பாகுபாடு என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தேன். அங்கிருந்த தொழில் உத்தியோகத்தர் ஆறு பக்கத்தையும் பொறுமையாக வாசித்து முடித்துவிட்டு, “தங்கச்சி, கடைசியா எந்தத் திகதி வேலைக்குப் போனனீங்கள்? கையில கடிதம் ஏதும் தந்தவையோ? ஈபிஎஃப் இலக்கம் இருக்கோ?” என்று கேட்டார். ஈபிஎஃப் என்பது ஊழியரும் முதலாளியும் பணம் கட்டும் ஊழியர் சேமலாப நிதி. நான் எழுதியதில் ஒரு திகதிகூட இருக்கவில்லை.

அவர் எனக்கு அன்று சொன்னதையும், பின்னர் நானாகத் தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றின் காரணமாக எந்தப் பிரசைக்கும் பாகுபாடு காட்டக் கூடாதென்றும் கூறுகிறது. ஆனால் அந்த உரிமையை மீறியதாக உயர் நீதிமன்றத்தில் வழக்கிட வேண்டுமானால், மீறல் அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலாக இருக்க வேண்டும். கடை முதலாளியோ தனியார் நிறுவன முகாமையாளரோ அந்த வலைக்குள் வருவதில்லை. தொழிலிலும் உத்தியோகத்திலும் பாகுபாட்டைத் தடுக்கும் சர்வதேசத் தொழில் அமைப்பின் 111 ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998 இல் ஏற்றுக்கொண்டது. இருந்தும் தனியார் துறை வேலைகளில் பாகுபாட்டைப் பொதுவாகத் தடைசெய்து, அதற்கென்று ஒரு முறைப்பாட்டு வழியை அமைக்கும் தனிச் சட்டம் ஒன்று இங்கே இல்லை. அதனால் தனியார் துறையில் பாகுபாட்டுக்கு ஆளானவர் தன் முறைப்பாட்டை வேறொரு பெயரில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஒன்றில் அது பணிநீக்கமாக வேண்டும், அல்லது மகப்பேற்று நன்மையை மறுத்தமையாக வேண்டும், அல்லது கட்டப்படாத சேமலாப நிதியாக வேண்டும். தொழிற்சங்கத்தில் சேர்ந்தமைக்காக ஒருவர் பழிவாங்கப்பட்டால் மட்டும் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1999 இல் கொண்டுவந்த திருத்தம் அதை நேரடியாகத் தொடுகிறது. வன்னியின் கடைகளிலும் ஆலைகளிலும் தொழிற்சங்கம் எங்கே இருக்கிறது?

என் முறைப்பாடும் அவ்வாறே பெயர் மாறியது. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி எனக்குச் சம்பளத்துடன் மகப்பேற்று விடுமுறை உரியதாக இருந்தது. கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தவும் அந்தச் சட்டம் இடமளிக்கவில்லை. இவை இரண்டையும் முதலாளி இலகுவாக மறுத்திருக்கலாம், ஏனென்றால் நான் அங்கு வேலை செய்தேன் என்பதற்கே என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. என்னைக் காப்பாற்றியது ஊழியர் சேமலாப நிதி. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் ஒரேயொரு ஊழியர் இருக்கும் தொழிலிடத்துக்கும் பொருந்தும். ஊழியரின் 8 சதவீதத்தோடு முதலாளி தன் பங்காக 12 சதவீதம் கட்ட வேண்டும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்ற இன்னொரு நிதிக்கு மேலும் 3 சதவீதம் கட்ட வேண்டும். எனக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் கட்டியிருந்தார்கள். அந்தப் பதிவு நான் அங்கே வேலை செய்தவள் என்பதற்குச் சான்றானது, கட்டாமல் விட்ட இரண்டு ஆண்டுகள் முதலாளியை விசாரணைக்கு வரவழைத்தன. நிலுவையை நீதவான் நீதிமன்றத்தின் வழியே தண்டப்பணம்போல அறவிட முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் தவணைக்கு வராதவர் இரண்டாம் தவணைக்கு வந்தார்.

விசாரணை என்றதும் நீதிமன்றக் கூண்டை நினைத்துப் பயந்துகொண்டு போனேன். அங்கே இருந்ததோ ஒரு மேசை, நான்கு கதிரைகள், ஒரு மின்விசிறி. உத்தியோகத்தர் முதலில் என்னைப் பேசவிட்டார், பிறகு முதலாளியைப் பேசவிட்டார், இடையில் குறுக்கே பேசிய இருவரையும் நிறுத்தினார். தீர்ப்புச் சொல்வது அங்கே அவருடைய வேலையல்ல, இரு தரப்பையும் ஓர் இணக்கத்துக்குக் கொண்டுவருவதே அவருடைய வேலை. அந்த இணக்கத்தை எழுதி இருவரும் கையொப்பமிட்ட பிறகு அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். சேமலாப நிதி நிலுவையைக் கட்டுவதாகவும், விடுமுறைக் காலச் சம்பளத்தைத் தருவதாகவும் முதலாளி ஒப்புக்கொண்டார். அங்கே திரும்பிப் போய் வேலை செய்ய எனக்கு மனமில்லாததால், நட்டஈடாக மூன்று மாதச் சம்பளமும் எழுதப்பட்டது. பணம் சொன்னபடி வந்தது. அந்த உத்தியோகத்தரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் அந்த இணக்கப் பத்திரத்தை எத்தனை முறை எடுத்து வாசித்தாலும் என் ஆறு பக்கத்தில் இருந்த சொல் அதில் இல்லை. முதலாளி தவறு செய்தார் என்று அதில் இல்லை. கர்ப்பம் என்ற சொல்லே இல்லை. கணக்குத் தீர்க்கப்பட்டது, நடந்தது என்னவென்று எங்கும் பதியப்படவில்லை. அடுத்த ஆண்டு அதே கடையில் இன்னொரு பெண்ணுக்கு இதே கதி நேர்ந்தால், என் பத்திரத்தைக் காட்டி “இவர்கள் முன்னரும் இப்படிச் செய்தவர்கள்” என்று அவளால் சொல்ல முடியாது. இந்நாட்டில் தனியார் துறைப் பாகுபாடு தீர்க்கப்படும் முறையில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

இணக்கம் வராவிட்டால் அடுத்த வாசல் தொழில் நியாய சபை. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதற்குள் அடங்கிவிடாமல், நீதியும் நியாயமுமான கட்டளையை வழங்க அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. மீண்டும் வேலைக்கு அமர்த்தும்படியோ நட்டஈடு கொடுக்கும்படியோ அது கட்டளையிடலாம். தொழில் அலுவலகத்தில் பேச்சு நடக்கிறதே என்று நம்பி அந்த ஆறு மாதத்தைக் கழியவிட்டவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

“நீங்களாத்தானே நிண்டனீங்கள்” என்ற வசனத்தின் கனம் இந்த வாசலில்தான் தெரியும். நிறுத்தினேன் என்று முதலாளி ஒப்புக்கொண்டால், ஏன் நிறுத்தினேன் என்று முதலில் சாட்சியத்தோடு காட்ட வேண்டியவர் அவர். நான் நிறுத்தவில்லை, தானாக விட்டுப் போனார் என்று அவர் சொல்லிவிட்டால், நிறுத்தப்பட்டேன் என்பதை முதலில் நிரூபிக்கும் சுமை ஊழியரின் தலையில் ஏறுகிறது. வாய்ச்சொல்லால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அதை எப்படி நிரூபிப்பார்? வழி ஒன்று இருக்கிறது. வராதே என்று சொன்ன மறுநாளே, இன்ன திகதியில் இன்னார் என்னை வேலைக்கு வர வேண்டாமென்றார், நான் வேலைக்கு வர ஆயத்தமாக இருக்கிறேன், எப்போது வரலாம் என்று அறியத் தாருங்கள் என்று நான்கு வரி எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் தபாற் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாளி பதில் எழுதினால் அது சான்று, எழுதாவிட்டால் அந்த மௌனத்தையும் சபையில் எடுத்துச் சொல்லலாம்.

இதைவிடக் கொடியது இன்னொரு வசனம். மலையகத்திலிருந்து, தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பின் வந்து வன்னியில் குடியேறிய குடும்பம் ஒன்றின் மகள், ஒரு தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். காசாளர் வேலைக்கென்று எடுத்தவளை இரண்டாம் மாதமே கூட்டித் துடைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அவளுடைய பெற்றோரின் பூர்வீகத்தைச் சுட்டும் ஓர் இழிசொல்லால் மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டார். அந்தச் சொல்லை நான் எழுதப் போவதில்லை, எங்கள் ஊரில் அதை அறியாதவர் இல்லை. எங்களை இனத்தின் பெயரால் ஒதுக்குகிறார்கள் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிவரும் நாங்கள், எங்களுக்குள்ளே இன்னொருத்தியைப் பிறப்பின் பெயரால் ஒதுக்குவதைக் கண்டும் காணாமலும் இருக்கிறோம். எட்டு மாதம் பொறுத்துவிட்டு அவள் வேலையை விட்டாள். விடும்போது, சேமலாப நிதிப் படிவத்தில் கையொப்பம் வேண்டுமென்றால் இதையும் எழுதித் தரவேண்டும் என்று சொல்லி, “சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்” என்று ஒரு கடிதம் வாங்கிவிட்டார்கள்.

வேலையை விடும்படி ஒருவரை நிர்ப்பந்திப்பதும் பணிநீக்கமே என்று தொழிற் சட்டத்தில் வாதிட இடமுண்டு. ஆனால் சொந்தக் காரணங்களுக்காக என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தவர், பின்னர் அது தன் சொந்தக் காரணம் அல்லவென்று நிறுவுவது மலையைப் பெயர்ப்பதற்கு ஒப்பானது. அவளுடைய விடயத்தில் சேமலாப நிதியைத் தவிர வேறெதையும் எங்களால் பெற முடியவில்லை. அந்த இழிசொல்லுக்கு எந்த அலுவலகத்திலும் படிவம் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பொருத்திய செயற்கைக் காலோடு நடக்கும் ஓர் இளைஞர் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்தார். எழுத்துப் பரீட்சையில் அவரே முதலாவது என்று சொல்லித்தான் நேர்முகத்துக்கு அழைத்தார்கள், காலைப் பார்த்ததும் வேலை இல்லையென்றார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு ஆட்சேர்ப்பதில் அவர்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாதென்று கூறுகிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யலாம், அரச வேலை தனியார் வேலை என்ற பிரிப்பும் அதில் இல்லை. இந்நாட்டில் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தொடும் அரிய சட்டங்களுள் அது ஒன்று. ஆனால் போரில் கைகால் இழந்த இத்தனை பேர் வாழும் எங்கள் மாவட்டங்களில், அப்படி ஒரு சட்டம் இருப்பதை அறிந்த ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. அரச வேலைகளில் மூன்று சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988 இலேயே வந்தது, அதையும் அந்த இளைஞர் கேள்விப்பட்டிருக்கவில்லை. மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். “அக்கா, வழக்குப் போட்டவன் எண்டு பேர் வந்தால் வேற ஆரும் வேலை தருவினமோ?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ கடை முதலாளிகள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிவார்கள். அவர்களே கோயில் நிருவாகசபையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் இருப்பார்கள். முறைப்பாடு செய்தவருக்குப் பணம் கிடைப்பதற்கு முன்னரே அவருடைய பெயர் பரந்தன் சந்தி வரை போய்விடும். முறைப்பாட்டாளரைப் பழிவாங்குவதைத் தனியாகத் தடைசெய்யும் ஏற்பாடும் வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

அரச வேலையில் இருப்பவர்களுக்கு வழி வேறு. தொழில் நியாய சபை அவர்களுக்கு இல்லை, பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கும் அங்கிருந்து நிர்வாக மேன்முறையீட்டு நியாய சபைக்கும் போகலாம். பாகுபாடு என்றே பெயர் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு கொழும்பில் இருக்க வேண்டும். வட்டக்கச்சியில் இருக்கும் ஒருவர் நடந்ததை விளங்கிக்கொண்டு, சட்டத்தரணி ஒருவரைத் தேடி, பணம் புரட்டி, கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போய்ச் சேர ஒரு மாதம் போதுமா? அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் ஒன்று வவுனியாவில் இருக்கிறது. மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை தாண்டி ஏ9 வீதியால் காலையில் பேருந்தேறினால் மாலைக்குள் வீடு திரும்பலாம். ஆனால் முறைப்பாட்டைக் கையளித்தால் மட்டும் போதாது, விசாரணை உண்மையிலேயே நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. ஆகவே பதிவு இலக்கத்தையும் அழைப்புக் கடிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும். ஆணைக்குழு இரு தரப்பையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயலும், இல்லையேல் பரிந்துரை செய்யும். அந்தப் பரிந்துரை நீதிமன்றத் தீர்ப்பைப்போல ஒரு திணைக்களத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை.

பதவி உயர்வு, இடமாற்றம், நேர்முகப் புள்ளி ஆகியவற்றில் சந்தேகம் இருந்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் புள்ளித் திட்டத்தையும் தன் புள்ளிகளையும் கேட்கலாம். நான் கண்டவரையில், புள்ளிகளை எழுத்தில் கேட்டதுமே சில அலுவலகங்களின் குரல் தணிந்துவிடுகிறது. பாலியல் தொந்தரவு என்றால் அது தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் குற்றம், முதலில் போகவேண்டிய இடம் பொலிஸ் நிலையம்.

கடந்த வாரம் தருமபுரத்திலிருந்து ஒரு தங்கை வந்தாள். கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். பிள்ளைக்குக் காய்ச்சலென்று இரண்டு நாள் விடுப்பு எடுத்ததற்காக, குடும்பப் பெண்களை வைத்து வேலை செய்விக்க ஏலாது என்று சொல்லி, தட்டச்சு செய்த கடிதமொன்றைக் கையொப்பத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று அதை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். “சொந்தக் காரணங்களுக்காக” என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. அவள் ஒப்பமிட்டிருக்கவில்லை.

இருவரும் முற்றத்து வேம்பின் கீழ் இருந்து வேறொரு கடிதம் எழுதினோம். நான் சொல்ல அவள் தன் கையெழுத்தில் எழுதினாள். எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, யார், என்ன சொன்னார் என்று எழுதினாள். குடும்பப் பெண்களை வைத்து வேலை செய்விக்க ஏலாது என்று அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதும்படி சொன்னேன். அது சபையில் எவ்வளவு தூரம் எடுபடுமோ தெரியாது, ஆனால் அந்த வார்த்தைகள் எங்காவது ஒரு தாளில் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. இரண்டு பிரதிகள் எடுத்து, பதிவுத் தபாலில் ஒன்றை நிறுவனத்துக்கு அனுப்பினோம், மற்றதைத் தொழில் அலுவலகத்தில் கையளித்தோம். அவள் தன் பையைத் திறந்து, மகளின் பிறப்புச் சான்றிதழோடு, கையொப்பமிடாத அந்தக் கடிதத்தையும் தபாற் பற்றுச்சீட்டையும் சேர்த்து வைத்தாள். ஆறு மாதம் முடியும் திகதியைப் பையின் உட்பக்கத்தில் பேனையால் எழுதிக்கொண்டாள்.